காசு சுண்டுகிற நிரலில் எதை நிரூபிப்பது? இந்த ஆராய்ச்சிக்குள் போகலாமா?

முற்றுப்பெறாச்சுழல் கேட்டது:

முதுகலை கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். நிரலும் சிஸ்டமும் சரி என்று கணிதமாகக் காட்டுகிற ஹோர் லாஜிக்கும் டிஎல்ஏ பிளஸ்ஸும் பாடமாக வந்தன, இரண்டுமே பிடித்துப்போனது. லூப்புக்குச் சரியான இன்வேரியன்ட், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் உண்மையாகவே நிற்கிற கூற்று, சிக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து விழும், சிக்காவிட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும், அந்த மாதிரி வேலை எனக்கு ஒத்துவரும் என்று தெரிந்துவிட்டது. இப்போது எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் பிஎச்டிக்கு ஆள் எடுக்கிறார். ஆனால் அவர் குழு பார்ப்பது சாதாரண வெரிஃபிகேஷன் கிடையாது, நிகழ்தகவு கலந்த சிஸ்டங்கள். நிரலே நடுவில் காசு சுண்டும், நெட்வொர்க்கில் பாக்கெட் தொலையும், சென்சார் எப்போதாவது தப்பாகச் சொல்லும், இந்த மாதிரி.

எனக்கு அடிப்படையிலேயே இடறுகிறது. இந்த உள்ளீட்டுக்கு இந்த வெளியீடு என்று அடித்துச் சொல்ல முடிகிற நிரலில் நிரூபிக்க ஏதோ இருக்கிறது, சரி. பூவா தலையா போட்டு வழி மாறுகிற நிரலில் எதை நிரூபிப்பது? பத்து லட்சம் முறை ஓட்டிவிட்டு எத்தனை முறை சொதப்பியது என்று எண்ணினால் போதாதா? அப்புறம் இந்தப் பெயர்கள் வேறு. மாடல் செக்கிங் என்கிறார்கள், அதிலேயே ஸ்டாட்டிஸ்டிகல் மாடல் செக்கிங் என்று தனியாக ஒன்று, தீரம் ப்ரூவர், ப்ராபபிலிஸ்டிக் ப்ரோக்ராம்... எது எதற்குப் பங்காளி என்றே புரியவில்லை. சீனியர் ஒருவரிடம் கேட்டால் "அது பேப்பர் அச்சடிக்கிற மில், வெளியே ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள்" என்று முடித்துவிட்டார். உள்ளே இருப்பவர்கள் யாராவது மனம்விட்டுச் சொல்லுங்கள்.

மார்க்கோவ்மாமா பதில்:

"எண்ணினால் போதாதா" என்கிற இடத்திலிருந்தே பிடிப்போம்.

கையில் காசு மட்டும்தான் இருக்கிறது, ஆறு முகப் பகடை வேண்டும். 1976-இல் நூத்தும் யாவோவும் ஒரு வழி கொடுத்தார்கள். மூன்று முறை சுண்டினால் எட்டு விளைவு. அதில் ஆறை 1 முதல் 6 வரை ஒதுக்கிவிட வேண்டியது, மீதி இரண்டில் ஒன்று விழுந்தால் மறுபடி ஆரம்பத்துக்குப் போகாமல், முதல் சுண்டல் முடிந்த நிலைக்கு மட்டும் திரும்ப வேண்டியது. படமாக வரைந்தால் முடிவு நிலைகளையும் சேர்த்து 13 ஸ்டேட், அம்புக்குறி ஒவ்வொன்றிலும் 1/2. இதுதான் மார்க்கோவ் செயின்.

1 விழ வாய்ப்பு உண்மையிலேயே 1/6 தானா? முதல் சுண்டலில் தலை விழுந்து போய்ச் சேர்கிற நிலையிலிருந்து 1-இல் முடிய வாய்ப்பு "ப" என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுண்டலில் பாதி வாய்ப்பில் நமக்கு வேண்டிய கிளை. அந்தக் கிளையில் பாதி நேரம் 1, பாதி நேரம் திரும்ப இதே நிலை. அதாவது ப = 1/2 × (1/2 + ப/2), தீர்த்தால் ப = 1/3. முதல் சுண்டலின் 1/2-ஐப் பெருக்கினால் 1/6, அச்சு அசலாக. சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும் என்றும் இதே பாணியில் சமன்பாடு எழுதலாம், 11/3 வரும். இந்த நிரல் முடியவே முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிற ஓட்டமும் ஒன்று உண்டு, ஆனால் அதன் வாய்ப்பு 0. இந்த மூன்றும் நிரூபணங்கள்தான். கூற்றுக்குள் ஓர் எண் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். "பத்து நொடிக்குள் பதில் வர வாய்ப்பு 0.99-க்குக் குறையாது" மாதிரி கூற்றுகளை எழுத ஹான்சனும் யோன்சனும் 1994-இல் ஒரு லாஜிக் கொடுத்தார்கள், பிசிடிஎல் என்பார்கள். காலப்போக்கில் என்ன நடக்கும் என்று சொல்கிற, உங்களுக்குத் தெரிந்த டெம்போரல் லாஜிக்கோடு ஒரு எல்லை எண்ணைச் சேர்த்த மாதிரி இருக்கும்.

இப்போது எண்ணுகிற வழிக்கு வருவோம். அதுதான் நீங்கள் சொன்ன ஸ்டாட்டிஸ்டிகல் மாடல் செக்கிங், மட்டமான சரக்கு ஒன்றும் இல்லை. பிழை 0.01-க்குள், 95% நம்பிக்கையோடு ஒரு நிகழ்தகவை மதிப்பிட ஹோஃப்டிங் வரம்பு என்ற புள்ளியியல் சூத்திரத்தின்படி சுமார் 18,445 ஓட்டம் போதும், சிஸ்டத்துக்கு எத்தனை கோடி ஸ்டேட் இருந்தாலும் அதே எண்தான். அது பெரிய வரம். ஆனால் பிழையைப் பத்தில் ஒரு பங்காக்கினால் ஓட்டம் நூறு மடங்காகிவிடும், 18 லட்சத்துக்கு மேல். அரிதாக நடக்கிற விஷயம் என்றால் கதையே முடிந்தது. விமானத்தில் பேரழிவில் கொண்டுபோய் விடுகிற பழுது ஒரு மணி நேரப் பறப்புக்கு நூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்கு இருக்க வேண்டும் என்பார்கள். அதை வெறும் ஓட்டத்தை வைத்து 95% நம்பிக்கையோடு சொல்ல, ஒரு பழுதுகூட வராமல் சுமார் 300 கோடி மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும், அதாவது 3 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டு. உங்கள் கைடு அவ்வளவு நாள் ஃபெல்லோஷிப் நீட்டிக்க மாட்டார்.

ஓட்டிப் பார்க்காமல் எல்லா ஸ்டேட்டையும் எடுத்துச் சமன்பாடாகவே தீர்ப்பதுதான் மாடல் செக்கிங். அந்த டூல்களில் எல்லோரும் சொல்கிற பெயர் பிரிஸம். மார்ட்டா க்வியட்கோவ்ஸ்கா, கெதின் நார்மன், டேவிட் பார்க்கர் ஆகியோர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள், பின்னால் ஆக்ஸ்ஃபோர்டிலும் வளர்ந்தது. இன்னொன்று ஸ்டார்ம், ஜெர்மனியின் ஆகனில் யூஸ்ட்-பீட்டர் காட்டூன் குழுவிலிருந்து வந்தது. இரண்டுமே இலவசம், சோர்ஸும் திறந்தே கிடக்கிறது. பகடையை பிரிஸத்தில் எழுதினால் இருபது வரிகூட ஆகாது, ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு அப்புறம் பிஎச்டியைப் பற்றி யோசியுங்கள்.

தொல்லை எங்கே என்றால் எல்லோருக்கும் தெரிந்த அதே இடம்தான், ஸ்டேட் வெடிப்பு. ஆளுக்குப் பத்து ஸ்டேட் வைத்த பத்து ப்ராசஸைச் சேர்த்தால் ஆயிரம் கோடி. ஆம்-இல்லை கேள்விக்கு விடை தேடும்போது தப்பு தென்பட்ட இடத்தில் நின்றுவிடலாம். இங்கே நிகழ்தகவு வேண்டும் என்றால் எல்லா வழியையும் கூட்டித்தான் ஆக வேண்டும்.

ஷெட்யூலர்_சதி பதில்:

மாமா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பகடை உதாரணத்தோடு நிறுத்தினால் இந்தத் துறை ஏதோ பிளஸ் டூ நிகழ்தகவுக் கணக்கைப் பெரிதாக்கிய மாதிரி ஆகிவிடும். காசு சுண்டுவதால் வருகிற கஷ்டம் உண்மையில் கம்மிதான். காசும் இருந்து, கூடவே யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத இன்னொரு தேர்வும் இருந்தால்தான் தலைவலி ஆரம்பிக்கிறது.

மூன்று ப்ராசஸ் எடுங்கள். சுண்டுபவன் காசைச் சுண்டி 0 அல்லது 1 என்று "காசு" என்ற மாறியில் எழுதிவிட்டுப் போய்விடுவான். மாற்றுபவனுக்கு இரண்டு வேலை, முதலில் "கொடி" என்ற மாறியில் 0 எழுதுவான், பிறகு 1 எழுதுவான். பார்ப்பவன் ஒரே ஒரு முறை வந்து இரண்டு மாறியையும் ஒரே எட்டில் படிப்பான், சமமாக இருந்தால் அலாரம் அடிப்பான். சுண்டுபவன் முடித்து, மாற்றுபவன் முதல் வேலையையாவது முடித்த பிறகுதான் பார்ப்பவன் வர முடியும் என்று வையுங்கள்.

அலாரம் அடிக்க வாய்ப்பு எவ்வளவு? பாதி என்றுதான் எல்லோருக்கும் வாயில் வரும். யார் எப்போது ஓட வேண்டும் என்பதை முன்னாலேயே முடிவுசெய்துவிட்டால் பாதிதான். ஆனால் அந்த முடிவை எடுக்கிற ஷெட்யூலர் காசைப் பார்க்கக்கூடியது என்று வையுங்கள். காசு 0 என்றால் கொடி 0 ஆன உடனே பார்ப்பவனை உள்ளே விடும். காசு 1 என்றால் கொடி 1 ஆகிறவரை அவனை வாசலில் நிறுத்தி வைக்கும். வாய்ப்பு 1. தலைகீழாகச் செய்தால் 0. நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை, காசும் நேர்மையான காசு, விடை மட்டும் 0, 1/2, 1 என்று ஆடுகிறது. இதைப் பத்து லட்சம் முறை உங்கள் மெஷினில் ஓட்டினால் ஏதோ ஓர் எண் வரும், அது அந்த மெஷினில் அன்றைக்கு என்ன லோடு ஓடியது என்பதற்கான எண், அல்காரிதத்துக்கான எண் கிடையாது.

அதனால்தான் இங்கே மாடல் பெரும்பாலும் காசும் ஷெட்யூலரின் தேர்வும் கலந்த மார்க்கோவ் டிசிஷன் ப்ராசஸாக இருக்கும். கேள்வியும் "வாய்ப்பு எவ்வளவு" என்று வராது, "மிக மோசமான ஷெட்யூலரிடம் மாட்டினால் அதிகபட்சம் எவ்வளவு, மிக நல்லதிடம் குறைந்தபட்சம் எவ்வளவு" என்று வரும்.

இதில் பெரிய தலைகளே சறுக்கியிருக்கின்றன. மைக்கேல் ரேபின், 1976-இல் டேனா ஸ்காட்டோடு டூரிங் விருது வாங்கியவர், ரேண்டம் அல்காரிதம் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1982-இல் பரஸ்பர விலக்கலுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போகிற விஷயத்துக்கு, ரேண்டமாக ஓர் அல்காரிதம் கொடுத்தார். மிகச் சின்ன ஷேர்டு மாறி ஒன்றே போதும், போட்டியில் ம பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் உள்ளே போக 1/ம அளவுக்கு நியாயமான வாய்ப்பு உண்டு என்பது கூற்று. நிரூபணமும் கூடவே இருந்தது, பத்து வருடம் யாருக்கும் உறுத்தவில்லை. 1992-இல் சயாஸ் என்பவர் பிரித்துப் பார்த்தால், காசின் விளைவும் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்பதும் ஒன்றையொன்று சாராதவை என்று நிரூபணம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. போட்டியில் யார் என்பதை முடிவுசெய்வதே ஷெட்யூலர்தானே? முன்னால் விழுந்த காசுகளை அனுசரித்து அது ஆட்களை உள்ளே விட்டால் குறிப்பிட்ட ஒருவனை ஓரங்கட்டிவிட முடியும், அந்த வாய்ப்பு சொன்ன அளவில் நிற்காது. அதே வருடம் குஷிலெவிட்ஸும் ரேபினும் சேர்ந்து திருத்திய அல்காரிதத்தை வெளியிட்டார்கள்.

எந்த டெஸ்ட்டும் அதைப் பிடித்திருக்காது, ஏனென்றால் டெஸ்ட் மெஷினின் ஷெட்யூலருக்கு யார் மேலும் பகை கிடையாது. அதனால் உங்கள் சீனியர் சொன்ன மில் கதையை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

அரைப்புள்ளி பதில்:

தீரம் ப்ரூவர், அதாவது நிரூபணத்தை வரிக்கு வரி சரிபார்க்கிற மென்பொருள், அந்தப் பக்கம் யாரும் வரவில்லை, அதனால் நான். நான் இருப்பது நிரல் லாஜிக் பக்கம், ஸ்டேட்டை எண்ணுகிற ஆட்கள் பக்கம் இல்லை.

மேலே இருவரும் காட்டியதெல்லாம் முடிவுள்ள ஸ்டேட். காசு சுண்டுகிற நிரலில், நீங்கள் கேட்ட ப்ராபபிலிஸ்டிக் ப்ரோக்ராம் அதுதான், ஒரு முழு எண் மாறியும் ஒரு லூப்பும் வந்துவிட்டால் ஸ்டேட்டுக்கு எல்லையே இல்லை, மாடல் செக்கர் கையை விரித்துவிடும். அப்போது உங்களுக்குப் பிடித்த அதே ஹோர் லாஜிக்தான், ஆனால் கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு வரும். டெக்ஸ்டர் கோசன் 1980-களின் தொடக்கத்தில் போட்ட பாதை, அனபெல் மெக்ஐவரும் கேரல் மார்கனும் அதை ஷெட்யூலர் செய்கிற மாதிரியான நிர்ணயமில்லாத தேர்வுக்கும் சேர்த்து விரித்தார்கள். கருத்து இதுதான். முன்நிபந்தனையும் பின்நிபந்தனையும் இனி உண்மை-பொய் கிடையாது, எண். "காசு சுண்டி அ அல்லது ஆ செய்" என்ற கட்டளைக்கு முன்னால் மதிப்பு என்ன? அ-வுக்கு முன்னால் உள்ள மதிப்பில் பாதி, ஆ-வுக்கு முன்னால் உள்ளதில் பாதி, கூட்டு. அவ்வளவுதான் விதி. ஷெட்யூலரின் தேர்வாக இருந்தால் கூட்டுவதற்குப் பதில் இரண்டில் சிறியதை எடு. லூப்புக்கு இன்வேரியன்ட்டும் எண்ணாகவே வரும். அதைக் கண்டுபிடிக்கும்போது போகிற தூக்கம் பழைய தூக்கத்தைவிட அதிகம், இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

நிரல் முடியுமா என்ற கேள்வியை எடுங்கள். சாதாரண நிரலில் முடியும், முடியாது, இரண்டே பதில். இங்கே மூன்றாவதாக ஒன்று முளைக்கிறது. ஒரு மாறி 1-இல் தொடங்குகிறது, ஒவ்வொரு சுற்றிலும் தலை விழுந்தால் ஒன்று கூடும், பூ விழுந்தால் ஒன்று குறையும், 0 தொட்டால் நிற்கும். இது நிகழ்தகவு 1-இல் முடியும். ஆனால் முடிய எடுக்கும் சராசரிச் சுற்று முடிவிலி! பத்தாயிரம் முறை ஓட்டினால் பெரும்பாலானவை நாலைந்து சுற்றில் முடிந்துவிடும், ஏழெட்டு ஓட்டம் மட்டும் பத்து லட்சம் சுற்று தாண்டியும் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் சராசரி எடுத்தால் ஏதோ ஓர் எண் வரும், இன்னும் அதிகமாக ஓட்டி எடுத்தால் எண் பெரிதாகும், இன்னும் ஓட்டினால் இன்னும் பெரிதாகும். எண்ணுகிறவர் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அதுதான் அவருக்கு விடை. "கட்டாயம் முடியும்" என்பதும் "சராசரியாக இத்தனை சுற்றில் முடியும்" என்பதும் தனித்தனி நிரூபணம், இரண்டாவதன் கடினம் கோட்பாட்டு அளவிலேயே வேறு மாதிரி என்று காமின்ஸ்கியும் காட்டூனும் 2015-இல் காட்டினார்கள். சாதாரண நிறுத்தச் சிக்கலே தீர்க்க முடியாதது என்று 1936-இல் டூரிங் சொல்லிவிட்டார் இல்லையா, இவை அதற்கும் மேல் படியில் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தத் துறை ஏன் எனக்குப் பிடித்தது என்றால் ஹெர்மன் புரோட்டோகால் காரணம். வளையமாக ந ப்ராசஸ், ந ஒற்றைப்படை. சிலரிடம் டோக்கன், அதுவும் ஒற்றைப்படை எண்ணிக்கையில். ஒவ்வொரு சுற்றிலும் டோக்கன் வைத்திருப்பவர் காசு சுண்டி, கையிலேயே வைத்துக்கொள்வார் அல்லது பக்கத்தவருக்குத் தள்ளுவார். இரண்டு டோக்கன் ஒரே ஆளிடம் சந்தித்தால் இரண்டுமே ஒழிந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும், அதுதான் வேண்டிய நிலை. 1990-இல் வந்தது, விளக்க அரைப் பக்கம் போதும். சரி, மிக மோசமான தொடக்கத்திலிருந்து சராசரி எவ்வளவு நேரம்? மூன்று டோக்கன் சம இடைவெளியில் நின்றால் 4/27 × ந-வின் வர்க்கம் என்று கணக்கு வரும், அதைவிட மோசமான தொடக்கமே கிடையாது என்று 2005-இல் மெக்ஐவரும் மார்கனும் யூகித்தார்கள். எல்லோரிடமும் டோக்கன் இருந்தால் இன்னும் நேரம் ஆகும் என்றுதானே நமக்குத் தோன்றும்? ஆகாது. சின்ன வளையங்களுக்கு பிரிஸத்தில் போட்டுப் பார்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் யூகம் நின்றது. ஆனால் எல்லா ந-வுக்கும் நிரூபணம் வர 2016 ஆனது. டூல் ஒரு பக்கம் எண்ணைக் காட்டுகிறது, ஆட்கள் இன்னொரு பக்கம் காரணத்தைத் தேடுகிறார்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடுகின்றன. இது மில் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பில்டு_உடைஞ்சுபோச்சு பதில்:

மூவரும் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கசப்பு மாத்திரையும் இருக்கட்டும். நான் ஆராய்ச்சி முடித்து வெளியே வந்து வேலை பார்ப்பவன்.

டூல் சொன்னால் வேதவாக்கு என்று இருக்காதீர்கள். ஒரு ஸ்டேட். அதிலிருந்து ஒவ்வொரு எட்டிலும் இருபது லட்சத்தில் ஒரு வாய்ப்பு வெற்றிக்கு, அதே அளவு தோல்விக்கு, மீதி முழுக்க அதே இடத்தில் நிற்கும். வெற்றி வாய்ப்பு பாதி என்று குழந்தைக்கும் தெரியும். பல டூல்களில் பல காலமாக இருந்த வழி வேல்யூ இட்டரேஷன்: 0-இல் தொடங்கு, திரும்பத் திரும்பக் கணக்குப் போடு, முந்தைய விடைக்கும் இந்த விடைக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே போனால் நிறுத்து. முதல் சுற்றிலேயே விடை 0-இலிருந்து 0.0000005 ஆகும், வித்தியாசம் எல்லைக்குக் கீழே, நிறுத்தியாச்சு! பாதி என்று வர வேண்டியது கிட்டத்தட்ட 0 என்று வந்து நிற்கும். சரி, வித்தியாசத்தை விகிதமாகப் பார்க்கலாம் என்றால் இந்தக் கணக்கு 0.25-இல் போய் நிற்கும், அதாவது சரியான விடையில் பாதி. யாரும் நிரலைத் தப்பாக எழுதவில்லை. நிறுத்துகிற விதிக்கும் உண்மையான பிழைக்கும் சம்பந்தமே இல்லை, அதுதான் விஷயம். 2014-இல் ஹதாதும் மான்மெஜும் கீழிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வந்து இரண்டும் போதுமான அளவு கிட்டே வந்தால்தான் நிறுத்துகிற வழியை முன்வைத்தார்கள். இப்போது டூல்களில் அந்த வசதி உண்டு, பின்ன எண்ணாகவே துல்லியமாகப் போடுகிற வசதியும் ஸ்டார்மில் உண்டு. ஆனால் நீங்கள் தேடி எடுத்து ஆன் செய்ய வேண்டியிருக்கும், எந்த ஆப்ஷனில் ஓடியது என்று பேப்பரிலும் எழுத வேண்டும்.

அடுத்தது, மாடலில் போடுகிற 0.01 எங்கிருந்து வருகிறது? பாக்கெட் தொலைய வாய்ப்பு 1% என்று எழுதுவது சுலபம். நிஜத்தில் பாக்கெட்டுகள் கூட்டமாகத் தொலையும், ஒன்று போனால் அடுத்ததும் போக வாய்ப்பு அதிகம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று எழுதிவிட்டு ஒன்பது தசம இடத்துக்கு விடை எடுப்பதில் என்ன பெருமை என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டீர்கள். எல்லோரும் காட்டுகிற பெரிய வெற்றிகளில் நிகழ்தகவு கிடையாது. 2009-இல் எஸ்இஎல்4 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் கெர்னலை இசபெல் என்ற தீரம் ப்ரூவரில் நிரூபித்தார்கள், 8,700 வரி சி கோடுக்கு 2 லட்சம் வரி நிரூபணம். சேவியர் லெராயின் காம்ப்சர்ட் கம்பைலர் காக் என்ற இன்னொரு தீரம் ப்ரூவரில் நிரூபிக்கப்பட்டது. 2011-இல் ரேண்டமாக சி நிரல்களை உருவாக்கிக் கம்பைலர்களைச் சோதித்த குழு ஜிசிசியிலும் எல்எல்விஎம்மிலும் வரிசையாக பக் எடுத்தது, காம்ப்சர்ட்டில் நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் மட்டும் தப்பான கோடு எதையும் எடுக்க முடியவில்லை. அமேசானில் டிஎல்ஏ பிளஸ் பயன்படுத்தியதை அவர்களே 2015-இல் எழுதினார்கள். இவற்றில் எங்கே காசு?

காசு உண்மையிலேயே கடிக்கிற இடம் என்று நான் சொல்வது டிஃபரென்ஷியல் ப்ரைவசி. ஆட்களின் விவரத்தை மறைக்க விடையோடு கொஞ்சம் ரேண்டம் இரைச்சலைக் கலக்கிறார்கள். இரைச்சல் சரியான அளவில் கலந்திருக்கிறதா என்பதை வெளியீட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தப்பாகக் கலந்தாலும் பார்க்க அப்படியேதான் இருக்கும். அதில் ஸ்பார்ஸ் வெக்டர் என்ற உத்திக்குப் பல வடிவங்கள் வெளிவந்தன, அவற்றில் சிலவற்றுக்குச் சொன்ன பாதுகாப்பே கிடையாது என்று 2017-இல் லியூ, சு, லி மூவரும் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். அதற்கும் முன்னால், 2012-இல் இலியா மிரனோவ் இன்னும் மோசமான ஒன்றைக் காட்டினார். கணிதத்தில் சரியாக இருக்கிற லாப்லாஸ் இரைச்சலை கம்ப்யூட்டரின் சாதாரண ஃப்ளோட்டிங் பாயின்ட் தசம எண்களில் எழுதினால், சில எண்கள் வெளியீட்டில் வரவே முடியாது. எது வர முடியும், எது முடியாது என்பது மூல எண்ணைப் பொறுத்தது. வெளியே வந்த எண்ணின் கடைசி பிட்டுகளைப் பார்த்தே உள்ளே இருந்தது என்ன என்று சொல்லிவிடலாம். பேப்பரில் நிரூபணம் சரி, கோடு ஓட்டை. இந்த இடைவெளியை அடைக்கிற நிரூபணம் செய்கிற குழு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். இன்னொரு விளையாட்டு மாடலுக்கு இன்னொரு லாஜிக் என்று போகிற குழு என்றால் கண்ணைத் திறந்துகொண்டு சேருங்கள்.

முற்றுப்பெறாச்சுழல்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. பகடையை பிரிஸத்தில் எழுதிப் பார்த்தேன், சராசரி 3.6666 என்று வந்தது, அது 11/3 தான் என்று டூல் தானாகச் சொல்லவில்லை, உடைஞ்சுபோச்சு அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

சதி அவர்களிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று ப்ராசஸ் கதையில் ஷெட்யூலர் காசைப் பார்க்க முடியாது என்று மாடலிலேயே எழுதிவிட்டால் பாதி என்று முடிந்துவிடுமே? நிஜ ஆபரேட்டிங் சிஸ்டம் யாருடைய மாறியையும் திறந்து படித்துவிட்டு முடிவெடுப்பதில்லை. பிறகு ஏன் எல்லாம் தெரிந்த வில்லனை வைத்தே எல்லோரும் நிரூபிக்கிறார்கள்?

ஷெட்யூலர்_சதி:

இரண்டு காரணம், ஒன்று நல்லது, இன்னொன்று சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லலாம்.

நல்ல காரணம்: மாறியைப் படிக்காமலேயே அதன் மதிப்பு வெளியே கசியும். தலை விழுந்தால் ஒரு கிளை, பூ விழுந்தால் வேறு கிளை, ஒன்று கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், அல்லது வேறு அளவில் பாக்கெட் அனுப்பும், அல்லது கேஷில் இல்லாத பக்கத்தைத் தொட்டு ப்ராசஸ் தூங்கிப்போகும். ஷெட்யூலர் அதைப் பார்த்துத்தானே அடுத்து யார் என்று முடிவெடுக்கிறது? சதி செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் சதி நடந்துவிடும். எல்லாம் தெரிந்த வில்லனை ஜெயித்துவிட்டால் இந்தக் கசிவையெல்லாம் தனித்தனியாகப் பட்டியல் போட வேண்டியதில்லை.

இன்னொரு காரணம், எல்லாம் தெரிந்த வில்லனுக்குக் கணக்குப் போடுவது சுலபம், லீனியர் ப்ரோக்ராமிங் என்ற பழகிப்போன கணித முறையிலேயே முடிந்துவிடும். வில்லனுக்குக் கண்ணைக் கட்டினால் கணக்கு எளிதாகும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு ப்ராசஸும் தன் பங்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் என்று வைத்தால், அதிகபட்ச நிகழ்தகவைக் கண்டுபிடிப்பது பொதுவாகத் தீர்க்க முடியாத சிக்கல், தோராயமாகக்கூட எடுக்க முடியாது என்று 2007-இல் ஜிரோவும் டார்ஜெனியோவும் காட்டிவிட்டார்கள். அதனால் நிறைய பேப்பர்கள் சத்தமில்லாமல் சுலபமான வில்லனையே எடுத்துக்கொள்கின்றன. விடை பாதுகாப்பான பக்கம்தான் சாயும், ஆனால் சில சமயம் நல்ல புரோட்டோகாலையும் மோசம் என்று சொல்லிவிடும்.

பேராசிரியரைப் பார்க்கும்போது இதையே கேளுங்கள்: உங்கள் மாடலில் ஷெட்யூலருக்கு எதெல்லாம் தெரியும்? முகம் மலர்ந்து போர்டுக்கு எழுந்து போனார் என்றால் சேர்ந்துவிடலாம்.

பில்டு_உடைஞ்சுபோச்சு:

போர்டிலிருந்து திரும்பி வந்ததும் டூலின் சோர்ஸ் எங்கே இருக்கிறது, போன பேட்ச் மாணவர் போன பிறகு யார் அதைக் கம்பைல் செய்து பார்த்தார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.